ரி மட்டும் வரவில்லை

எங்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலையை விட்டுப் போனபோது டிரம்பெட் ஊத ஆள் இல்லாமல் போயிற்று. டிரம் அடிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். ஊதுவதற்கு அவர் ஒருவர்தான். குடியரசு தினத்துக்கு எட்டு வாரம் இருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். அவரை நாங்கள் மேடம் என்போம். பார்வை என்னிடம் வந்து நின்றது.

"மிஸ், நீங்க சர்ச்ல பாடுறவங்கதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்போ ஊதறது ஒண்ணும் கஷ்டமா இருக்காது. உங்க ஆளுங்களுக்குத்தான் மியூசிக் தானா வருமே."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நாள் யோசிக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது என்றே தோன்றுகிறது.

நான் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன், பி.எட். இல்லை. அதனால் மூன்று வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு மார்ச்சிலும் மேடம் ஒரு பட்டியல் ஒட்டுவார். அதில் பெயர் இல்லாதவர்கள் ஜூனில் வர வேண்டியதில்லை. என் மகள் அதே பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். ஆசிரியரின் பிள்ளை என்பதால் கிடைத்த இடம் அது. என் பெயர் பட்டியலில் இல்லையென்றால் அவளுடைய இடமும் இல்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது மேடம் என்னை மட்டும் நிறுத்தி, விழாவுக்குக் கம்பெனி ஒன்றின் பெரிய அதிகாரி வருகிறார் என்றும், அன்று நன்றாக அமைந்தால் மார்ச்சில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நன்றாக அமையவில்லையென்றால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

டிரம்பெட் விளையாட்டுச் சாமான் அறையில் ஒரு கோணிக்கு அடியில் கிடந்தது. மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்து கறுத்துப் போயிருந்தது. முதலில் இதைப் பளபளவென்று ஆக்குங்கள் என்றார் மேடம். சொன்னதைச் செய்வதில் எனக்குக் குறை வைக்கத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு, என் அம்மா கொடுத்த பித்தளைக் குடத்தை எப்படித் துலக்குவேனோ அப்படியே உட்கார்ந்து துலக்கினேன். ஊற வைத்த புளி, கொஞ்சம் உப்பு, பாத்திரம் தேய்க்கும் பொடி. வெளியே மட்டும் மின்னினால் போதாது என்று தோன்றியது. இழுத்தால் கழன்று வருகிற குழாய்களைக் கழற்றினேன். துடைப்பக் குச்சியில் துணி சுற்றி, புளியில் தோய்த்து, உள்ளேயும் விட்டுத் தேய்த்தேன். மகள் பக்கத்தில் குந்தி, உருண்டை உருண்டையாகப் புளி எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் வைத்து, மறுபடி மாட்டினேன்.

திங்கட்கிழமை மேடம் அதை எல்லா ஆசிரியர்களிடமும் தூக்கிக் காட்டினார். வேலை என்றால் இப்படிப் பார்க்க வேண்டும் என்றார். மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

டிரம்பெட்டில் மூன்று வால்வுகள்தான். அமுக்கினால் காற்று கூடுதலாக ஒரு குழாயைச் சுற்றிக்கொண்டு வரும், சுரம் இறங்கும். எதையும் அமுக்காமல் ஊதினால் ச. ஒன்றும் மூன்றும் சேர்த்து அமுக்கினால் ரி. ஒன்றும் இரண்டும் க. ஒன்று மட்டும் ம. மறுபடி எதுவும் அமுக்காமல் ப. இவ்வளவையும் பி.டி. மாஸ்டர் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் கீழே கொடி ஏறும்போது ஊத அவரே போட்டுவைத்த மெட்டு இருந்தது. பதினொரு சுரம். அதில் ரி மூன்று முறை வரும். கடைசிக்கு முந்தியது ரி, நீட்டி நிறுத்த வேண்டியது.

தாளைப் படிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ச என்று ஒன்று வெளியே வர ஒன்பது நாள். காற்று மட்டும் போகும். இல்லையென்றால் வாய்க்குள் ஈ மாட்டியது போல ஒரு சத்தம். கன்னத்தை உப்பக்கூடாது, உதட்டில் அழுத்தக்கூடாது என்று போனில் பார்த்த வீடியோக்களில் சொன்னார்கள். நான் இரண்டையும் செய்தேன். உதட்டில் வட்டமாகத் தழும்பு விழுந்தது. வகுப்பில் சாக்பீஸோடு திரும்பும்போதெல்லாம் முன் வரிசைப் பிள்ளைகள் அதையே பார்த்தார்கள்.

காலை ஆறு மணிக்கு வீட்டில் ஊதுவேன். எங்களுடையது நான்கு வீடுகள் ஒட்டிய வரிசை. எல்லா வீட்டிலும் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு போகிறவர்கள். பக்கத்து வீட்டம்மா குழாயடியில், அவள் வீட்டுக்காரர் இரவு ஷிப்டு முடித்துப் படுக்கிற நேரமாகப் பார்த்து நான் செத்த வீட்டுச் சங்கு ஊதுகிறேன் என்று என் காதுபட எல்லோரிடமும் சொன்னாள். என் கணவர் கம்பி உருட்டும் மில்லில் இருக்கிறார். அவரும் அந்த நேரத்தில்தான் முகமெல்லாம் கரியோடு வருவார்.

"ஃபர்னஸ் சைரன்கூட இத்தவிட நல்லாக்கீது. அத்த கேட்டா ஆள் ஓடியாவது தப்பிப்பான்."

சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

மாலையில் பள்ளி விட்டதும் சாமான் அறையில் ஒரு மணி நேரம் ஊதுவேன். அந்த நேரத்தில் என் மகளை ஆயாம்மா பார்த்துக்கொள்வாள். யு.கே.ஜி. பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போவது, சோறு ஊட்டுவது, வகுப்பறைகளைப் பெருக்குவது, சாமான் அறைச் சாவி வைத்திருப்பது எல்லாம் அவள் வேலை. புதுவாயலுக்கு அப்பால் ஒரு கிராமம். ஐம்பது வயதிருக்கும். கடைசி வேன் போன பிறகும் எனக்காகக் காத்திருப்பாள். யாரும் அவளைக் காத்திருக்கச் சொல்லவில்லை.

"நீ ஊது மிஸ்ஸு. பாப்பா எங்கூடக் கெடக்கட்டும். காது ரெண்டும் அடச்சிக்கினுதான் குந்திக்கினுகீறோம்," என்பாள். என் மகள் அவள் மடியில் உட்கார்ந்து சிரிப்பாள்.

மூன்றாவது வாரத்தில் ச, க, ம, ப எல்லாம் ஓரளவு நின்றன. ரி மட்டும் நிற்கவில்லை. சில நேரம் சரியாக வரும். சில நேரம் தொண்டை கட்டியவன் பேசுவது போலக் கரகரக்கும். சில நேரம் வரவே வராது, அல்லது பாதியில் வேறு எங்கோ நழுவிப்போகும். என் உதடுதான் பலவீனம் என்று நினைத்தேன். எதிலும் முதலில் என்னைத்தான் சந்தேகிப்பேன்.

திங்கட்கிழமை இறைவணக்கத்தில் என்னை ஊதச் சொன்னார் மேடம். பயம் போக வேண்டுமாம். முதல் ரி வந்தது. இரண்டாவது ரி கரகரத்து உடைந்தது. எண்ணூறு பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் மைக்கை வாங்கினார்.

"சிரிக்காதீங்க. மிஸ் திரும்ப ஊதுவாங்க. சரியா வர்ற வரைக்கும் ஊதுவாங்க. நாம எல்லாரும் வெயிட் பண்ணலாம்."

ஆறு முறை ஊதினேன். ஊத ஊத ரி மோசமாயிற்று. வெயில் ஏறியது. நான்காம் வகுப்பில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனவள் ஆயாம்மா. அப்புறம்தான் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார்கள். போகும்போது எட்டாம் வகுப்பு வரிசை என்னைக் கடந்தது. அவர்கள் கண்ணில் சிரிப்பு இல்லை, வெறுப்பு இருந்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனாலும் அன்று கணக்கு வகுப்பில் உதட்டைக் குவித்து அந்த உடைந்த சத்தத்தை யாரோ போட்டபோது, வகுப்பு முழுவதற்கும் சொல்லாமல் கொள்ளாமல் தேர்வு வைத்தேன். பாதிப் பேர் தோற்கும்படிதான் கேள்விகளைப் போட்டேன். மதிப்பெண்ணைப் பெற்றோருக்கும் அனுப்பினேன்.

அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் இதேதான். என் மகள் யு.கே.ஜி. வரிசையில் முதலில் நின்று என்னைப் பார்ப்பாள். வீட்டில் செருப்புகளை வரிசையாக நிறுத்தி வைத்து, கையில் ஸ்பூனை மைக் போலப் பிடித்துக்கொண்டு, "ரி வரல, வெயிட் பண்ணுங்க," என்று விளையாடுவாள். ஒரு நாள் என் செருப்பைத் தனியாக எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். ஏன் என்று கேட்டேன். அது சரியாக ஊதவில்லை என்றாள்.

அன்றுதான் ஒரு நோட்டு போட்டேன். கல்யாணத்துக்கு முன் ஒன்றரை வருடம் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு பாகம் சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் வந்தால், ஆளைத் திட்டுவதற்கு முன் நேரத்தைக் குறிக்கச் சொல்வார்கள். எப்போது சரி, எப்போது தவறு, இடையில் என்ன மாறியது. ஐந்து முறை ஏன் என்று கேட்டு அந்த ஐந்தையும் எழுதச் சொல்வார்கள். அது எனக்குப் பிடித்த வேலை. ஏன் என்று கேட்பதற்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம்.

ஒரு வாரம் குறித்தேன். காலையில் எடுத்தவுடன் ஊதினால் ரி சரியாக வருகிறது. பத்து நிமிடத்துக்குப் பிறகு கரகரப்பு. இருபது நிமிடத்தில் வருவதே இல்லை. மறுநாள் காலையில் மறுபடி சரி. என் உதடு களைத்துப்போவதுதான் காரணம் என்றால், அதைவிட மேலே ஊத வேண்டிய ப கெட்டிருக்க வேண்டும். ப கெடவில்லை. ஒன்றாவது வால்வு என்றால் ம கெட வேண்டும். கெடவில்லை. மெட்டில் மூன்றாவது வால்வை அமுக்குகிற ஒரே சுரம் ரி. வீடியோ ஒன்றில், ஒன்றும் இரண்டும் சேர்த்து அமுக்குவதற்குப் பதிலாக மூன்றை மட்டும் அமுக்கினாலும் கிட்டத்தட்ட க வரும் என்று சொல்லியிருந்தார்கள். பதினைந்து நிமிடம் ஊதிவிட்டு அப்படிச் செய்து பார்த்தேன். வழக்கமான விரல்களில் க தெளிவாக வந்தது. மூன்றை மட்டும் அமுக்கியபோது அதே க கரகரத்தது.

நோட்டில் கோடு போட்டு எழுதினேன். தவறு என்னுடையது அல்ல. மூன்றாவது குழாயினுடையது. அதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. ஐந்து வாரமாக ஊரே சிரித்தது ஒரு குழாயைப் பார்த்து.

அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கழலவில்லை. என் பலம் முழுவதும் போட்டும் அசையவில்லை. ஊதும்போது மூச்சின் ஈரம் உள்ளே நீராகச் சேரும். பெரிய குழாயில் அதை வெளியே விடுவதற்கு ஒரு சின்னத் திறப்பு உண்டு, மூன்றாவதில் இல்லை. ஏதோ உள்ளே இருக்கிறது, ஈரம் படப்பட அது உப்புகிறது, இரவில் காய்ந்து சுருங்குகிறது. இது வரைக்கும் எழுதினேன். என்ன இருக்கிறது, எப்படிப் போனது என்ற இரண்டு ஏன்கள் பாக்கி. அந்த இரண்டையும் நான் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? புளியை நான் நினைக்கவில்லை என்றுதான் என்னிடமே சொல்லிக்கொண்டு வருகிறேன். உண்மையாகவும் இருக்கலாம். மேடம் தூக்கிக் காட்டிய அந்தப் பளபளப்பு எனக்குள் நல்லது என்ற பக்கத்தில் இருந்தது. அதைக் கெட்டது என்ற பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரம் மேடம் என்னைக் கூப்பிட்டார். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கங்களைப் புரட்டினார், படிக்கவில்லை.

"ஆக, உள்ள எதுவோ போயிருக்கு. யார் போட்டது?"

தெரியவில்லை என்றேன்.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

அதற்கு நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கே தெரியும். ஆயாம்மாவை வரச் சொன்னார்கள். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். உள்ளே என்ன ஊற்றினாய் என்று மேடம் கேட்டார்.

"நான் இன்னாத்த ஊத்தப் போறேன் மேடம். மேலால தூசி கீதுன்னு தொடப்பேன், அவ்ளோதான். மிஸ்ஸு பாத்துக்கினுதான் இருப்பாங்கோ. கேளுங்க, சொல்வாங்கோ."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஈரத் துணியால துடைப்பாங்க மேடம்," என்றேன். "பக்கெட் பக்கத்துலயே இருக்கும்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஈரத் துணியால் துடைப்பாள். பக்கெட் பக்கத்தில் இருக்கும். இதை எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆயாம்மா என்னைப் பார்த்தபடி நின்றாள். மீதியையும் நான் சொல்லுவேன் என்று காத்திருந்தது போலத்தான் இருந்தது. நான் நோட்டை மூடினேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. ஆயாம்மா இரண்டு முறை தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். மேடம் மேசையிலிருந்த வேறொரு காகிதத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு இன்னும் சோறு ஊட்டவில்லை, அதை முடித்துவிட்டுப் போகட்டுமா என்று.

மூன்றரை மணிக்கு என் மகளைக் கொண்டுவந்து விட்டாள். தலை சீவி, பவுடர் போட்டிருந்தாள், எப்போதும் போல.

"பாப்பா பாதி சோறுதான் துன்னுச்சு மிஸ்ஸு. தயிரு புளிச்சிப் போச்சு போல. நாளிக்கு வேற எதுனா கட்டிக் குடு," என்றாள்.

நான் சரி என்றேன். அவளிடம் கடைசியாகப் பள்ளியில் சொன்ன வார்த்தை அதுதான்.

அந்தச் சனிக்கிழமை கணவர் பகலில் வீட்டில் இருந்தார். குழாய் கழலவில்லை என்றதும் எடுத்துப் பார்த்தார். மூன்றாவது குழாயின் வளைவுக்குள் தன் யூனிபாரம் பெல்ட்டை நுழைத்து, டிரம்பெட்டை என்னைப் பிடிக்கச் சொல்லி, பெல்ட்டை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் டப்பென்று வந்தது. கறுப்புத் தண்ணீர் தரையில் தெறித்தது. வளைவில் ஏதோ சக்கை அடைத்துக்கொண்டிருந்தது. துடைப்பக் குச்சியால் நெம்பி எடுத்தார். நாரும் தோலுமாக, கட்டைவிரல் அளவு. மோந்து பார்த்தார். எனக்கு மோந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"புளி," என்றார். "ஒரு ரசமே வெச்சிருக்கலாம் போலக்கீது." சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பெருக்கற அம்மாவ அனுப்பிட்டாங்கன்னியே, இதுக்காவா?" என்றார்.

ஆமாம் என்றேன். சிரிப்பு நின்றது. நான் திங்கட்கிழமை போய் மேடத்திடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லு. சொன்னா அந்தம்மாவ கூப்ட்டுப்பாளா? மாட்டா. உன்னியும் சேத்து அனுப்புவா. பாப்பாவையும் தூக்கிக்கினு ஊட்ல குந்து."

அது சரி என்று பட்டது. சரி என்று எனக்குப் பட வேண்டும் என்று நான் விரும்பினேனோ என்னவோ. அப்போதுதான் மகள் சுவரோரம் நிற்பதைப் பார்த்தேன்.

"அம்மா, அது நாம போட்ட புளிதானே?" என்று கேட்டாள்.

நான் அவள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன். ஆயாம்மாவிடமும் கூடாது, மிஸ்ஸிடமும் கூடாது. சொன்னால் நீ இனிமேல் பள்ளிக்குப் போக முடியாது. அவள் தலையாட்டினாள். தோளை நான் எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன் என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது.

பிறகு சோப்புத் தண்ணீரில் குழாயைக் கழுவினேன். முதலிலேயே அப்படித்தான் கழுவியிருக்க வேண்டும், எல்லா வீடியோவிலும் அதைத்தான் சொல்கிறார்கள். மாட்டி ஊதினேன். ரி வந்தது. பத்து நிமிடம் கழித்தும் வந்தது. அரை மணி கழித்தும் வந்தது. அகலமாக, ஆடாமல், வீட்டை நிரப்பிக்கொண்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நாளில், அந்த நேரத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது என்பதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பயன்.

திங்கட்கிழமை காலை மேடத்தின் அறை வாசலில் போய் நின்றேன். சொல்லத்தான் போனேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வரும் வழியெல்லாம் மனதுக்குள் திருத்திக்கொண்டே வந்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க மிஸ்."

"ரி வந்துடுச்சு மேடம்."

"பாத்தீங்களா? ஆளை அனுப்பினா எல்லாம் தானா சரியாகுது. நீங்க ரொம்ப சாஃப்ட். வந்து அப்பவே சொல்லியிருக்கணும்."

நன்றி என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

புது ஆயா கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் யு.கே.ஜி. பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக ஆள் இல்லை. என் மகள் இரண்டு முறை பாவாடையை நனைத்துக்கொண்டு மூன்றரை வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் வகுப்பு மிஸ் எல்லோர் முன்பும் அவளைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்தாள் என்று மற்றொரு பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் ஆயா ஏன் இல்லை என்ற பேச்சு வரும்.

குடியரசு தினத்தன்று பதினொரு சுரமும் வந்தன. கொடி மேலே போய் விரிந்து பூக்கள் கொட்டும் வரை கடைசிக்கு முந்திய ரியை நீட்டி நிறுத்தினேன். கம்பெனி அதிகாரி கைதட்டினார். கணக்கு மிஸ், எட்டே வாரத்தில் கற்றுக்கொண்டார், எல்லாம் டிசிப்ளின் என்று மேடம் அவரிடம் என்னை அறிமுகம் செய்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்கு யாரையும் நீண்ட நாள் வெறுக்கத் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மகளுக்கு இருமல் விடவில்லை என்று புதுவாயலில் ஒரு டாக்டரிடம் காட்டப் போனேன். கும்மிடிப்பூண்டி பைபாஸில் ஷேர் ஆட்டோ ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதிரில் யார் என்று பார்த்தேன். ஆயாம்மா. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தாள். பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற ஒரு யார்டில் வேலையாம். விரல்களில் துணி சுற்றியிருந்தது. அவள் பக்கத்தில் எங்கள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா. எனக்கு வணக்கம் சொன்னாள், திருப்பிச் சொன்னேன்.

"பாப்பா எளச்சிப் போச்சே," என்றாள் ஆயாம்மா. "எங்கிட்ட வரியா கண்ணு?"

என் மகள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் மடியிலேயே இருந்துவிட்டாள்.

லாரிகள் ஓரமாக உரசிக்கொண்டு போயின. நான் விழாவில் நன்றாக ஊதியதாகக் கேள்விப்பட்டதாக ஆயாம்மா சொன்னாள். அவள் பேச்சில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பறம் அத்த கழட்டிப் பாத்தீங்களா மிஸ்ஸு? இன்னாதான் இருந்துச்சு உள்ள?"

மாணவியின் அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"தண்ணிதான்," என்றேன். "தண்ணி நின்னுட்டிருந்துச்சு."

"தண்ணியா." அவள் தன் விரல் துணியைப் பார்த்தாள். "நான் தண்ணி ஊத்தலயே மிஸ்ஸு. உனுக்கே தெரியுமே."

நான் வெளியே பார்த்தேன். மடியில் மகள் அசைந்தாள். "ஆயாம்மா, உள்ள வந்து..." என்று தொடங்கினாள்.

அவள் தொடையில் கிள்ளினேன். பாவாடைக்கு மேலேதான், ஆனால் நகம் பதியக் கிள்ளினேன். அவள் கத்தவில்லை. வார்த்தை நின்ற இடத்தில் வாய் திறந்தபடி இருந்தது, பிறகு மூடிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் கட்டியது, வழியவில்லை. ஆயாம்மா என் கையைப் பார்த்துவிட்டாள்.

"புள்ளைய ஏன் மிஸ்ஸு கிள்ற. நான் இன்னா இப்ப கேட்டுட்டேன்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. புதுவாயல் கூட்டுரோட்டுக்கு முன்னாலேயே டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். அது அவள் இறங்க வேண்டிய இடம் அல்ல. அவள் ஊருக்கு அங்கிருந்து வேறு ஆட்டோ கிடையாது. வெயிலில் ரோட்டோரமாக நடந்தாள். ஆட்டோ அவளைத் தாண்டிப் போனபோது அவள் தலை நிமிரவில்லை.

டாக்டர் வீட்டு வாசலில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மகள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, சிவந்திருந்த இடத்தைத் தானே தடவிக்கொண்டாள். பிறகு என் காதுக்குக் கிட்டே வந்து கேட்டாள்.

"நான் எதுவும் சொல்லிடலயே மா?"

"இல்ல," என்றேன். "எதுவும் சொல்லல."